கடல் இல்லாத மாவட்டத்தில் வீட்டுக்கு இன்சூரன்ஸ் எதற்கு?

2024 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் பெய்த மழை 50 சென்டிமீட்டர். தருமபுரி மாவட்டம் அரூரில் 33. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது நவம்பர் 30 இரவு, புதுச்சேரிப் பக்கம். அங்கிருந்து ஊத்தங்கரை ஏறக்குறைய 150 கிலோமீட்டர். காற்று வழியிலேயே ஓய்ந்துவிட்டது, மழை ஓயவில்லை. ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் கொட்டி, ஏரி நிரம்பி, சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் தண்ணீரோடு போனதை டி.வி.யில் எல்லோரும் பார்த்தோம். அதுவரை "புயலெல்லாம் கடலூர்க்காரங்க கவலை" என்று இருந்த ஊர்களில், வீட்டு இன்சூரன்ஸ் போடலாமா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழுந்தது.

பதில் வீட்டுக்கு வீடு மாறும். கான்கிரீட் வீட்டுக்கு ஒரு கணக்கு, ஷீட் வீட்டுக்கு வேறு கணக்கு, ஏரிக்குக் கீழே லே-அவுட்டில் மனை வாங்கிக் கட்டிய வீட்டுக்கு இன்னொரு கணக்கு. ஏஜெண்ட் மூன்றுக்கும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்.

முதலில் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். தருமபுரி, கிருஷ்ணகிரியில் அது இரண்டு பருவங்களில் வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் திடீரென்று இருட்டி, இருபது நிமிடம் சூறைக்காற்று அடித்து, சில சமயம் ஆலங்கட்டியும் விழும். மாந்தோப்புக்காரர்கள் மாங்காயைப் பார்ப்பார்கள். அதே நேரத்தில் ஊருக்குள் ஷீட் பறக்கும், மாடியிலிருக்கிற தண்ணித் தொட்டி உருளும், புளியமரக் கிளை ஓட்டு மேல் விழும். இது காற்றுச் சேதம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருவது தண்ணீர்ச் சேதம். ஏரி நிரம்பிக் கோடி போகும், அதாவது உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறும். கோடித் தண்ணீர் போக வேண்டிய கால்வாயில் வீடு நிற்கும். கால்வாய் காணாமல் போனது தண்ணீருக்குத் தெரியாது, அது பழைய பாதையிலேயே வரும்.

உங்கள் வீடு எந்த வகை என்று தெரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். கிராம நிர்வாக அலுவலகத்தில் புலப்பட வரைபடத்தைக் கேட்டு, உங்கள் புல எண்ணுக்கு மேலேயும் கீழேயும் ஓடை, வாய்க்கால் என்று குறித்திருக்கிறதா பாருங்கள். அதோடு ஏரியின் கோடி எந்தத் திசையில் இருக்கிறது என்று ஊரில் வயதானவர்களிடம் கேளுங்கள். கோடிக்கும் உங்கள் வாசலுக்கும் நடுவில் மேடு எதுவும் இல்லை என்றால், இன்சூரன்ஸ் வேண்டுமா என்று மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. போட்டுவிடுங்கள்.

இப்போது பாலிசி. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வீட்டுக்கென்று ஒரே மாதிரி வாசகம் கொண்ட பாலிசியைக் கொடுத்தாக வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதி கொண்டுவந்தது. அதன் பெயர் பாரத் க்ருஹ ரக்ஷா. அரசு நிறுவனமோ தனியாரோ, அடிப்படை ஒன்றுதான். பிரீமியமும் கூடுதல் சேர்க்கைகளும் மட்டும் மாறும். தீ, மின்னல், புயல், வெள்ளம், தண்ணீர் தேங்குதல், நிலநடுக்கம், நிலச்சரிவு, மரமோ வண்டியோ சுவரோ வந்து மோதுவது, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிவது, கலவரம் இத்தனையும் உள்ளே வரும். இப்படி ஏதாவது நடந்த 7 நாளுக்குள் அதன் காரணமாகத் திருட்டுப் போனால் அதுவும் வரும். வெள்ளத்துக்குப் பயந்து வீட்டைப் பூட்டிவிட்டுச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர்கள் இந்த 7 நாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி சாதாரணத் திருட்டுக்கு இந்த பாலிசியில் பணம் கிடையாது.

வீடு என்றால் நான்கு சுவரும் கூரையும் மட்டும் அல்ல. காம்பவுண்ட் சுவர், கேட், போர்டிகோ, செப்டிக் டேங்க், நிலையான தண்ணீர்த் தொட்டி, சோலார் பேனல் எல்லாம் வீட்டுக் கட்டடத்தின் கணக்கிலேயே சேரும். இந்தப் பக்கம் கருங்கல்லில் காம்பவுண்ட் கட்டுகிற வழக்கம் அதிகம். 60 அடி சுவர் சாய்ந்தால் செலவு சாதாரணமாக இருக்காது. ஆகவே தொகையைக் கணக்கிடும்போது காம்பவுண்டை மறந்துவிடாதீர்கள்.

தொகை எப்படிப் போடுவது? பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மனையையும் சேர்த்து "எங்க வீடு அறுபது லட்சம் பெறும்" என்று சொல்லி அறுபதுக்குப் போடுகிறார்கள். நிலம் புயலில் போகாது. நிலத்துக்குக் கட்டுகிற பிரீமியம் வீண். பாலிசி கேட்பது ஒன்றுதான்: இந்த வீட்டை இன்றைக்கு மறுபடி கட்ட என்ன ஆகும்? சுவருக்கு உள்ளே இருக்கிற தரைப் பரப்பை, அதாவது கார்ப்பெட் ஏரியாவை, ஒரு சதுர அடிக்கு ஆகும் கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். 900 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 19 லட்சத்து 80 ஆயிரம். படிவத்தில் சதுர மீட்டர் கேட்பார்கள். 900 சதுர அடி என்பது ஏறக்குறைய 83.6 சதுர மீட்டர். சதுர மீட்டர் கட்டத்தில் 900 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிரீமியம் குறையட்டும் என்று பரப்பைக் குறைத்து எழுதவும் வேண்டாம். பின்னால் கிளைம் வரும்போது, சேதத்தை மதிப்பிட வருகிற சர்வேயர் டேப் பிடித்து அளப்பார்.

கட்டடத்துக்குப் போட்டாலே, உள்ளே இருக்கிற பொதுவான சாமான்களுக்கு, பட்டியல் எதுவும் கொடுக்காமல், கட்டடத் தொகையில் 20 சதவீதம் தானாகச் சேரும்; உச்ச வரம்பு 10 லட்சம். மேலே சொன்ன வீட்டுக்கு 3 லட்சத்து 96 ஆயிரம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோ, துணிமணி எல்லாம் இதில் அடங்கும். நகைக்குத் தனியாகப் பட்டியல் கொடுத்துத் தனித் தொகை போட வேண்டும். ரொக்கம் வராது. பத்திரம், சான்றிதழ் வராது. வண்டியும் வராது, அதற்கு வண்டியின் சொந்த பாலிசிதான்.

இன்னொரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பழைய தீ பாலிசிகளில், 20 லட்ச வீட்டை 10 லட்சத்துக்குப் போட்டிருந்தால், 2 லட்ச சேதத்துக்கு 1 லட்சம்தான் தருவார்கள். விகிதத்தில் வெட்டுவது என்று பெயர். பாரத் க்ருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு இல்லை. 2 லட்ச சேதம் என்றால் 2 லட்சம். வீடு முழுக்கப் போனால் மட்டும் போட்ட தொகையோடு நின்றுவிடும்.

பிரீமியம்? 20 லட்சம் அளவில் ஒரு கான்கிரீட் வீட்டுக்கு ஆண்டுக்குப் பெரும்பாலும் சில நூறிலிருந்து ஆயிரத்து ஐந்நூறுக்குள் அடங்கிவிடும், 18 சதவீத ஜி.எஸ்.டி. உட்பட. பத்து ஆண்டு வரை ஒரே தடவையில் கட்டலாம். மாதம் நூற்றுச் சொச்சம் என்றால் இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. இந்த விலைக்கு இது கட்டுப்படியாகுமா என்று தயங்குவது என்னைக் கேட்டால் தேவையில்லாத யோசனை. யோசிக்க வேண்டிய இடம் வேறு: கிளைம் எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பது.

அதற்கு முன், அரசு நிவாரணத்தை நம்பி இருக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிப்படி, சமவெளியில் வீடு முழுதாகவோ கடுமையாகவோ சேதமானால் 1 லட்சத்து 20 ஆயிரம். பாதிச் சேதம், அதுவும் குறைந்தது 15 சதவீதம் சேதமானால், கான்கிரீட் போன்ற உறுதியான வீட்டுக்கு 6,500 ரூபாய். குடிசைக்கு 8,000, ஃபெஞ்சலுக்குத் தமிழக அரசு குடிசைக்கு 10,000 அறிவித்தது. 6,500 ரூபாய்க்கு ஒரு அறைக்கு டைல்ஸ்கூட மாற்ற முடியாது. குடிசையில் இருப்பவருக்கு 8,000, 10,000 என்பது ஒரு கூரைக்குக் கொஞ்சமாவது ஈடு கட்டும். கடன் வாங்கி 25 லட்சத்தில் வீடு கட்டியவருக்கு அரசுத் தொகை எந்த மூலைக்கும் காணாது. அதனால்தான் இன்சூரன்ஸ் நடுத்தரக் கட்டடக்காரருக்கே அதிகம் தேவைப்படுகிறது. கீற்று, பலகை, தார்பாய் வைத்த கூரையை நிறுவனங்கள் கச்சா கட்டுமானம் என்று தனியாகப் பிரிக்கும். எளிதில் எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் பிரீமியம் ஏறும். கேட்டுப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் கீற்றுக் கூரையை ஓடு என்று எழுதி பாலிசி வாங்குவது காசைக் கிணற்றில் போடுவதற்குச் சமம்.

இனி கிடைக்காதவை. முதலாவது, ஒழுக்கு.

தொடர்மழைக்குப் பிறகு மாடி ஒழுகுகிறது. சுவரில் ஓதம் ஏறி, பெயிண்ட் உரிந்து, சீலிங் சிமெண்ட் பொரிந்து விழுகிறது. மழையால்தானே வந்தது என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். பாலிசியின் கண்ணில் அது தேய்மானம். தளத்தின் மேல் போட்ட சுருக்கியோ, தட்டோடோ காலப்போக்கில் விரிசல் விட்டதன் விளைவு. சர்வேயர் வந்ததும் சுவரைத்தான் பார்ப்பார். வெள்ளம் புகுந்த வீட்டில் சேற்றுக்கோடு எல்லா அறையிலும் ஒரே மட்டத்தில் இருக்கும். கதவு நிலையிலும் பீரோவின் காலிலும் அந்தக் கோடு தொடரும். ஒழுகிய வீட்டில் கறை மேலிருந்து கீழே நாக்கு நாக்காக இறங்கியிருக்கும். ஒரு அறையில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. அதன் விளிம்பில் பழுப்பு வளையங்கள் தெரிந்தால், ஒவ்வொரு வளையமும் ஒரு மழைக்காலம். மரத்துக்கு வயது பார்ப்பது போலத்தான்.

பிறகு ஒரு கேள்வி வரும்.

"எப்ப இருந்தும்மா இது ஒழுகுது?"

"அது ரெண்டு வருசமாவே ஒழுகுதுங்க சார், இந்த மழையில ரொம்ப ஆயிடுச்சிங்க."

இந்த ஒரு பதிலில் மொத்தச் சேதமும் பழைய ஒழுக்குக் கணக்கில் போய்விடும். பொய் சொல்ல வேண்டும் என்று இங்கே சொல்லவில்லை. பழைய ஒழுக்கும் இந்தப் புயலில் புதிதாக வந்த சேதமும் ஒரே வீட்டில் கலந்து கிடக்கும்; அவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். படுக்கையறைச் சீலிங் பழையது, அதைக் கேட்கவில்லை; கூடத்து ஜன்னல் மேல் சன்ஷேடு, மரம் விழுந்து உடைந்தது; அந்த உடைசல் வழியாக வந்த தண்ணீரில் கட்டிலும் மெத்தையும் போயிற்று. இப்படிப் பிரித்துச் சொன்னால் இரண்டாவதும் மூன்றாவதும் நிற்கும். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால், சந்தேகம் மூட்டை முழுக்கப் பரவும்.

இரண்டாவது, மின்னல். இந்த மாவட்டங்களில் கோடை இடியில் டி.வி., மோட்டார் ஸ்டார்ட்டர், செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர் போகாத ஊர் இல்லை. மின்னல் பாலிசியில் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் விலக்குகளின் பட்டியலில் ஒரு வரி உண்டு: மின்சாதனம் அதிக அழுத்தத்தாலோ, ஷார்ட் சர்க்யூட்டாலோ, மின்கசிவாலோ கெட்டால், அதற்குக் காரணம் மின்னலாகவே இருந்தாலும், அந்தச் சாதனத்துக்குப் பணம் இல்லை. டி.வி. வெடித்துத் தீ பரவி சோபாவும் சுவரும் எரிந்தால் சோபாவுக்கும் சுவருக்கும் உண்டு, டி.வி.க்கு இல்லை. சாதனத்துக்கும் வேண்டுமென்றால் தனிச் சேர்க்கை வாங்க வேண்டும். அதற்குப் பதில் நல்ல எர்த்திங்கும், மெயின் போர்டில் ஒரு சர்ஜ் ப்ரொடெக்டரும் போடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்குகிற பாட்டி வழக்கம் எல்லாவற்றையும்விட மலிவு.

மூன்றாவது, விரிசல். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பள்ளத்தில் மண் கொட்டி நிரவி மனை போட்டு விற்பது சாதாரணமாக நடக்கிறது. மழைக்குப் பிறகு அந்த மண் இறங்கி, சுவர் மூலையிலிருந்து ஜன்னல் நோக்கிச் சாய்வாகப் பிளக்கும். நிலம் அமிழ்தல் பாலிசியில் உண்டு என்றாலும், கொட்டிய மண் இறங்குவதும், புதுக் கட்டடம் இயல்பாக உட்காருவதும், வேலைத் தரம் சரியில்லாததும் வெளியே தள்ளப்பட்டவை. ஆற்றங்கரை அரிப்பும் அப்படியே. தென்பெண்ணைக் கரையோரம் வீடு வைத்திருப்பவர்கள் கவனிக்க.

நான்காவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பாலிசி போட்ட பிறகு மாடியில் ஒரு அறை எடுத்திருப்பீர்கள். கார்ப்பெட் ஏரியா 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால், சொல்லி கூடுதல் பிரீமியம் கட்டாதவரை அந்தப் புதுப்பகுதிக்குப் பாதுகாப்பு இல்லை. புதுசாக எடுத்த அறைக்குத்தான் வழக்கமாக ஷீட் கூரை. காற்றுக்கு முதலில் பிய்வதும் அதுதான்.

வீட்டோடு தொழிலும் நடக்கிற இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். முன்னறையில் மளிகைக் கடை, பின்னால் பட்டுப்புழு வளர்ப்பு மனை, அறை நிறையப் புளி மூட்டை என்று இருக்கிற வீடுகள் இங்கே ஏராளம். பாரத் க்ருஹ ரக்ஷா குடியிருக்கிற வீட்டுக்கும் வீட்டுச் சாமானுக்கும் மட்டும். விற்க வைத்த புளியும் நிலக்கடலையும் சரக்கு; புழு மனை தொழிற்கூடம். இவற்றுக்கு, 5 கோடி ரூபாய் வரை சொத்து மதிப்புள்ள சிறு தொழில்களுக்கென்று பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற தனி பாலிசி இருக்கிறது. கடை வைத்திருப்பதை மறைத்து வெறும் வீடு என்று எழுதினால், கடையோடு சேர்ந்து வீட்டுக் கிளைமும் சிக்கலாகும்.

வங்கியில் வீட்டுக்கடன் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஏதோ ஒரு இன்சூரன்ஸுக்குப் பணம் கட்டியிருப்பார்கள். "அண்ணா, லோன்லயே இன்சூரன்ஸ் புடிச்சிட்டாங்க" என்பார்கள். எதற்குப் பிடித்தார்கள் என்று கேட்டால் தெரியாது. கடன்காரர் இறந்தால் கடனை அடைக்கிற ஆயுள் காப்பீடு ஒன்று. கட்டடத்துக்கான காப்பீடு வேறொன்று. முதலாவதை வைத்துக்கொண்டு வெள்ளத்துக்கு ஒரு ரூபாயும் வாங்க முடியாது. கிளைக்குப் போய்ப் பாலிசி ஷெட்யூல் பக்கத்தை நகல் எடுத்து வாருங்கள். அதில் நான்கு விஷயம் பார்த்தால் போதும்: கட்டட முகவரி சரியா, தொகை எவ்வளவு, எந்தத் தேதி வரை, வங்கிப் பெயர் சேர்ந்திருக்கிறதா. வங்கிப் பெயர் இருந்தால் கிளைம் பணத்தில் முதல் உரிமை வங்கிக்கு. கடன் தொகைக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், சொந்தக் காசு போட்ட பகுதி வெளியே நிற்கும்; மீதிக்கு ஏற்றிக்கொள்ளலாம்.

பெயர் விஷயத்தில் ஒரு குழப்பம் நம் ஊர் வீடுகளில் வந்துகொண்டே இருக்கும். பட்டா இறந்துபோன அப்பா பேரில், வீட்டு வரி ரசீது அம்மா பேரில், பாலிசி வங்கி வேலைக்குப் போகிற மகன் பேரில். பிரீமியம் வாங்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள், பணம் கொடுக்கும்போது எல்லாவற்றையும் கேட்பார்கள். வாரிசுச் சான்றிதழ் எடுத்து வரி ரசீதையாவது இப்போதே ஒரு பேருக்கு மாற்றிவிடுவது நல்லது. அல்லது உரிமையுள்ள எல்லோர் பெயரையும் பாலிசியில் சேர்த்துவிடலாம்.

வாடகைக்கு இருப்பவர்கள் சாமானுக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். வாடகைக்கு விட்டவருக்கு, வீடு குடியிருக்க முடியாமல் போனால் வாடகை இழப்பும் பாலிசியிலேயே உண்டு. சொந்த வீட்டில் இருப்பவருக்கு மாற்று வீட்டு வாடகை.

ஷீட் வீட்டுக்காரர்கள் பாலிசிக்கு முன் கூரையைப் பாருங்கள். காற்று ஷீட்டை மேலிருந்து அமுக்குவதில்லை; இறவாணப் பக்கம் அடியில் புகுந்து தூக்கும். ஒரு ஷீட் கிளம்பினால் வழி கிடைத்துவிடும், மற்றவை சீட்டுக்கட்டு போலப் போகும். 6 மில்லிமீட்டர் சிமெண்ட் ஷீட்டுக்குக் குறுக்குச் சட்டங்களின் இடைவெளி 1.4 மீட்டரைத் தாண்டக்கூடாது. சுவருக்கு வெளியே ஷீட் ஒரு அடிக்கு மேல் நீட்டக்கூடாது. நிழலுக்காக இரண்டரை அடி விடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் தப்பு. மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் 15 சென்டிமீட்டராவது ஏற வேண்டும். ஜே போல்ட்டை மேட்டில்தான் போட வேண்டும், பள்ளத்தில் போட்டால் ஒழுகும். தார் வாஷருக்கு மேல் தகர வாஷர் வைத்து, இறுக்கி நெரிக்காமல் முடுக்க வேண்டும். நெரித்தால் ஓட்டையைச் சுற்றி முடிக் கோடாக விரிசல் விட்டு அடுத்த காற்றில் அந்த இடமே பிய்யும். தகர ஷீட்டென்றால் ஸ்குரூவின் ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து உதிர்ந்திருக்கும். மார்ச் மாதம் ஏறி ஒரு பார்வை பார்த்து, ஓரத்து இரண்டு வரிசையை மட்டுமாவது மாற்றிவிடுங்கள்.

மொட்டை மாடியில் துணி காயவும் வெயிலுக்கும் போட்ட தகரக் கொட்டகை இன்னும் மோசம். நான்கு கம்பத்தையும் தளத்தில் தகடு வைத்து நான்கு போல்ட்டில் நிறுத்தியிருப்பார்கள். அது பறந்து பக்கத்து வீட்டு ஓட்டை உடைத்தால், உங்கள் பாலிசி அவருக்குப் பணம் தராது. மூன்றாம் நபர் பொறுப்பு அடிப்படை பாலிசியில் கிடையாது. அவர் தன் வீட்டுக்குப் பாலிசி போட்டிருந்தால் அவருடையதில் கிடைக்கும். இல்லையென்றால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பஞ்சாயத்துதான்.

சேதம் நடந்த பிறகு செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மெயினை அணைத்துவிட்டு உள்ளே போங்கள். துடைப்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன் ஃபோனை எடுங்கள். வாசலிலிருந்து ஆரம்பித்து, அறை அறையாக, நிறுத்தாமல் ஒரே வீடியோ. பிறகு தண்ணீர்க் கோட்டுக்குப் பக்கத்தில் டேப்பைப் பிடித்து, தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று தெரிகிற மாதிரி ஒவ்வொரு அறையிலும் ஒரு போட்டோ. கெட்டுப்போன ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஒவ்வொன்றின் பின்புறம் ஒட்டியிருக்கிற சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் எடுங்கள்; பில் தொலைந்தவர்களுக்கு அதுதான் பில். சேறு வடியும் முன் நம் பெண்கள் வீட்டைக் கழுவி, நனைந்த மெத்தையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் கிளைமுக்கு எமன். நனைந்ததை வெளியே தார்பாய்க்கு அடியில் அடுக்கி வையுங்கள். சர்வேயர் பார்த்த பிறகு போடலாம்.

அன்றே நிறுவனத்தின் இலவச எண்ணில் கூப்பிட்டுக் கிளைம் எண் வாங்குங்கள். ஏஜெண்டிடம் சொன்னது சொன்னதாகாது. கிளைம் படிவத்தை 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். கூரை பிய்ந்திருந்தால் தார்பாய் போட்டு மூடலாம், மூடத்தான் வேண்டும். மேலும் சேதமாகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. தார்பாய், கயிறு, கூலிக்கு ரசீது வாங்கி வையுங்கள்.

ஊரில் சர்வேயர் என்றால் சங்கிலி பிடித்து நிலம் அளக்க வருகிறவர்தான் நினைவுக்கு வருவார். இவர் வேறு, ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உரிமம் வாங்கிய இழப்பு மதிப்பீட்டாளர். 2024-இல் வந்த சுற்றறிக்கைப்படி கிளைம் சொன்ன 24 மணி நேரத்துக்குள் அவரை நியமிக்க வேண்டும். 15 நாளில் அவர் அறிக்கை. அறிக்கை கிடைத்த 7 நாளில் நிறுவனத்தின் முடிவு. ஒரு மாவட்டமே மூழ்கியபோது இந்த நாட்கள் ஓடியே போகும், ஆனாலும் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அவர் கையில் கொடுக்க மேஸ்திரியிடம் எஸ்டிமேட் வாங்கும்போது "மொத்தம் மூணு லட்சம் ஆகும்" என்று ஒரே வரியில் எழுதியதை வாங்காதீர்கள். காம்பவுண்ட் சுவர் இத்தனை அடி நீளம், இத்தனை அடி உயரம், இத்தனை அங்குல கனம். கல் இத்தனை லோடு, சிமெண்ட் இத்தனை மூட்டை, கொத்தனார் இத்தனை ஆள், சித்தாள் இத்தனை ஆள் என்று பிரித்து இருக்க வேண்டும். மொத்தத் தொகையை வெட்டுவது சுலபம்; மூட்டை மூட்டையாக எழுதியதை வெட்ட அவர் காரணம் சொல்லியாக வேண்டும். இடிபாடு அகற்றக் கிளைம் தொகையில் 2 சதவீதம் வரையும், இன்ஜினியர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் பாலிசியிலேயே உண்டு. கேட்காதவருக்கு யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

வி.ஏ.ஓ.விடம் சேதச் சான்று வாங்கிவிடுங்கள். நிவாரணக் கணக்கெடுப்பு நடக்கிற அதே வாரத்தில் கேட்டால் கிடைக்கும், பொங்கலுக்குப் பிறகு போனால் அலைய வேண்டும். மண் சுவர் வீடுகளில் ஒரு விசேஷம்: மழையில் நிற்கும் சுவர், விட்டு இரண்டு நாள் வெயில் அடித்ததும் விழும். சேத நாள் மழை இல்லாத நாளாகிவிடும். சுவர் ஊறியிருக்கும்போதே போட்டோ எடுத்து வைத்திருந்தால் இந்தச் சந்தேகமே எழாது.

தொகை குறைவு, அல்லது நிராகரிப்பு என்றால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் இருக்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு. 50 லட்சம் வரை கேட்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிராகரிப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே போகும்போது வாய்வார்த்தை உதவாது. அந்த முதல் நாள் வீடியோவும் டேப் பிடித்த போட்டோவும்தான் பேசும்.

பாலிசிக் காகிதம் எல்லா வீட்டிலும் பீரோவின் கீழ்த்தட்டில், பத்திரத்தோடு ஒரே பையில் இருக்கும். வெள்ளம் முதலில் தொடுவதும் கீழ்த்தட்டைத்தான். ஷெட்யூல் பக்கம், வரி ரசீது, சாமான்களின் பில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, வேறு ஊரில் இருக்கிற தங்கச்சிக்கோ மாமனுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.